பெம்பானின் பனிச்சறுக்குச் சக்கரவர்த்தி தன் மகளுக்கு எழுதியது

வாடகை கொடுக்காமல் என் நெஞ்சிலும், மாதா மாதம் வாடகை கொடுத்து வடக்கு ஜப்பானிலும் குடியிருக்கும் என் பாப்பாவுக்கு,

உன் அப்பன் மலாக்கா மாநிலத்துப் பெம்பானிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வெயிலும் நலம்; எங்களைவிட ஒருபடி கூடுதலாகவே நலம். இன்று காலை கொடியில் போட்ட துண்டு, நான் கிளிப்பைத் தேடி உள்ளே போய் வருவதற்குள் காய்ந்து, மடிந்து, தானாகவே அலமாரிக்குள் போய்ப் படுத்துவிட்டது. இந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் பனியைப் பற்றி எழுதக் காரணம், நேற்று நீ போனில் அனுப்பிய செய்திதான். "ப்பா, மொதப் பனி விழுந்திருச்சு" என்று ஒரு வரி. கூடவே ஒரு படம். அந்த வரிக்கு உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டேன். படத்துக்கு அந்தப் பொம்மை போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இதையே கொடுக்கப் போகிறேன், ஊர் முழுக்கப் படிக்கட்டும். ஏனென்றால் நான் ஜப்பானிலிருந்து திரும்பிய நாளிலிருந்து ஊர் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மணியம் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், கிளாஸை மேசையில் வைப்பதற்கு முன்பே அவன் கேள்வியை வைத்துவிடுகிறான். "என்னா மாமா, பிள்ளையக் கூட்டிட்டு வர்றேன்னு போனீங்க. பிள்ளை எங்க? கடைசியில சளியத்தான் கூட்டிட்டு வந்தீங்க போலலா!" சிம்பாங் அம்பாட்டில் கல்யாணத்துக்குப் போனால் அங்கேயும் இதே கேள்வி. சாமி கும்பிடப் போனால், தீபாராதனைத் தட்டை நீட்டும்போது ஐயர் முகத்திலும் இதே கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உனக்கு எழுதுவதுபோல ஊருக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்லிவிட்டால், மீதி வாழ்நாளில் ஆறாத தேநீர் குடிக்கலாம் என்று ஓர் ஆசை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஊருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மலாக்காவில் ஹோட்டல் படிப்பு முடித்து, பனிமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலில் வேலை என்று போனாய். போன முதல் குளிரிலேயே பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டாய். ஹோட்டலில் தங்க வரும் குடும்பங்களின் குழந்தைகளை மலைக்குக் கூட்டிப் போய்ச் சறுக்கச் சொல்லிக் கொடுப்பதே உன் வேலையாகிவிட்டது. பனியை ஃபிரீசரில் மட்டுமே பார்த்த வம்சத்தில் பிறந்தவள், பனியிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள் என்று நான் ஜாசின் பஸ் ஸ்டாண்டில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன். பிறகு ஒரு நாள் மலையில் விழுந்தாய். கால் எலும்பு முறிந்து, தகடு வைத்து, பல மாதம் ஊன்றுகோலோடு நடந்தாய். எலும்பு கூடியது. இனிப் பழையபடி சறுக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நீதான் பனியில் கால் வைக்கவில்லை. ஹோட்டல் முன்மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கும் வேலைக்கு மாறினாய். அடுத்த குளிர் தொடங்கும்போது போன் பண்ணி, "இந்தக் குளிரோட வேலைய விட்டுட்டு வந்துடறேன்ப்பா. குளிரு ஒத்துக்கல. அம்மா சமையல் வேணும் போல இருக்கு" என்றாய்.

அன்று நம் வீட்டில் நடந்ததை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. உன் அம்மா பாலர் பள்ளியில் சமையல் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உன் அறைக்கு மஞ்சள் சாயம் அடித்தாள். சுவரில் பாதியும் தன் மேல் மீதியுமாக அடித்தாள். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்று அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தால் நாற்காலி என் மேல் வழக்குப் போட்டுவிடும் என்ற நிலை. ஆகவே உன் சாமான்களைக் கட்ட, உன்னைக் கூட்டி வர, அந்தக் குளிர்காலம் முழுவதும் உன்னோடு இருக்க, அரசாங்கத் தூதர் போல நான் அனுப்பப்பட்டேன். விமானம் என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் உன் அம்மா, விமான நிலையத்தில் ஒரு பெரிய காலிப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "இது நிறைய அவ துணிமணி வரணும். பக்கத்துல அவ வரணும். இல்லைன்னா நீங்க அங்கயே இருந்துக்குங்க" என்றாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் பேசியவற்றில் இதுதான் மிகச் சுருக்கமானது.

உன் ஊரை முதலில் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மலை, மரம், கூரை, சாலை என்று எங்கே பார்த்தாலும் நம் கடைகளில் சீவித் தரும் ஐஸ் கச்சாங் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அத்தனை பெரிய நாட்டில் அதன் மேல் ஊற்ற ஒரு சொட்டு குலா மலாக்கா வெல்லப்பாகு இல்லை! நம் ஊரில் மட்டும் இப்படி விழுந்திருந்தால், விழுந்த அன்று மத்தியானத்துக்குள் ஆளுக்கு ஒரு கிண்ணத்தோடு வந்து மலையையே தின்று தீர்த்திருப்போம். குளிர் எப்படி என்று ஊரார் கேட்கிறார்கள். நான் விட்ட மூச்சு முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். மீசை ஒடிந்துவிடுமோ என்று பயந்து அதைத் தடவுவதையே நிறுத்தினேன். மீசையைத் தடவாமல் நான் யாரோடும் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே வந்த புதிதில் நான் அடக்கமானவனாக இருந்தேன். உன் ஹோட்டல்காரர்கள் அதைப் பண்பாடு என்று தவறாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். உன் அறையிலிருந்து ஹோட்டலுக்கு நேர்வழி சறுக்குமலையின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. நீ அந்த வழியில் போகமாட்டாய். கடைகளுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போவாய். "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்திப்பா" என்று சொன்னாய். காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் அடித்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பாப்பா, இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உன் பயம் எனக்குச் சாதகமாக இருந்தது. நான் கெஞ்சாமல், மிரட்டாமல், உன்னைப் பெட்டியில் மடித்து வைக்கிற வேலையை அதுவே செய்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டால் போதும். அப்படித்தான் நினைத்தேன்.

நான் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தது உனக்காக இல்லை. மணியம் கடையில் மாட்ட ஒரு போட்டோ வேண்டும், அவ்வளவுதான். குளிர்கால வகுப்பில் பெயர் கொடுத்தேன். என் சக மாணவர்கள் எல்லோருக்கும் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு விழவேண்டியவை எல்லாம் விழுந்து முடிந்திருந்தன. அந்த ஊரில் ஆசிரியரைச் சென்செய் என்கிறார்கள்; எங்கள் ஆசிரியை என் வயதுக்காரி, ஆகவே நான் சென்செய் அம்மா என்றே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழும் மலாயும் தெரியாது; எனக்கு ஜப்பான் மொழியில் நன்றி மட்டும் தெரியும். அவர் இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் கூரை போலச் சேர்த்துக் காட்டினார். என்ன மரியாதை தெரிந்த நாடு என்று நெகிழ்ந்து, நானும் தலைக்கு மேல் கைகூப்பி வணக்கம் வைத்தேன். குழந்தைகள் எல்லோரும் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்நுனியை விரித்து, கூரை போல வைத்தால் வேகம் குறையும் என்பதுதான் அவர் சொன்ன பாடமாம். அதை நீ பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் எலுமிச்சம்பழ விவகாரம் நடந்துவிட்டது. ஊரார் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். நாளைக்கு நீங்களும் போகலாம். லாரியோ மோட்டாரோ, புதிதாக ஒன்றில் ஏறும்போது திருநீறு பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நான் ஒரு நாளும் கிளப்பியதில்லை. பனிச்சறுக்குக் கட்டைக்குச் சக்கரம் இல்லைதான். அதற்காக அது வாகனம் இல்லை என்று ஆகிவிடுமா? கடையில் இரண்டு பழம் வாங்கினேன். மறுநாள் காலை வரை கெடாமல் இருக்க வேண்டுமே என்று ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். நாடே ஃபிரிட்ஜாக இருக்கும்போது தனி ஃபிரிட்ஜ் எதற்கு என்பது என் கணக்கு. காலையில் கட்டைகளின் நுனியில் திருநீறு பூசி, அடியில் பழங்களை வைத்து, சென்செய் அம்மாவும் குழந்தைகளும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருக்க, ஏறி நின்றேன். பழங்கள் நசுங்கவில்லை. இரண்டும் உறைந்து கருங்கல்லாகியிருந்தன. பெம்பானில் வாகனத்துக்கு அடியில் அடங்கி உயிர்விடும் அதே பழம், அங்கே வாகனத்தையே தூக்கிக்கொண்டு உருண்டது. நான் பின்பக்கமாகப் புறப்பட்டேன். பின்பக்கமாகவே ஒரு பனிப்பொம்மையின் தலையைக் கொய்தேன். பின்பக்கமாகவே வரிசையாக நட்டு வைத்திருந்த கொடிகளை எல்லாம் படுக்க வைத்தேன். எதிர்த்து வந்த இரண்டு படைகளையும் வீழ்த்திவிட்டு, ஹோட்டல் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த பனிக்குவியலில், முதுகு உள்ளேயும் முகம் வெளியேயுமாகப் பதிந்து நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருந்தாய். நான் வந்ததிலிருந்து நீ புன்னகைத்திருந்தாயே தவிரச் சிரித்திருக்கவில்லை. அன்று சிரித்தாய். சத்தம் கேட்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தது தெரிந்தது. சிறுவயதில் நான் உனக்குச் சைக்கிள் கற்றுத்தரும்போது எஸ்டேட் சரிவில் "நேரா போ, நேரா போ" என்று கத்தி உன்னைக் கால்வாயில் இறக்கிய நாளில், சேற்றோடு எழுந்து சிரித்தாயே, அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்க மறுநாளும் வகுப்புக்குப் போனேன்.

மறுநாள்தான் அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் இடம் வலமாகத் திரும்பித் திரும்பி அழகாக இறங்கிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் விழுந்து கிடந்தேன். விழுந்தவனுக்கு வேடிக்கை பார்க்க நேரம் உண்டு. கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். நீ முன்மேசைக்குப் பின்னால் நின்று அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் திரும்பும்போதெல்லாம் உன் தோள் சாய்ந்தது. உன் தலை கொஞ்சம் இறங்கி ஏறியது. மேசைக்குப் பின்னால் உன் முட்டி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது, பாப்பா. உனக்கே தெரியாமல், தரை விரிப்பின் மேல், நீ சறுக்கிக்கொண்டிருந்தாய். குளிர் ஒத்துக்கொள்ளாதவளின் முட்டி அப்படி மடங்காது. அந்தக் கணத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீ ஊருக்கு வரலாம், தாராளமாக வரலாம். ஆனால் இந்த முட்டிகளை இங்கேயே விட்டுவிட்டு வந்தால், மஞ்சள் அறையில் உட்கார்ந்திருக்கப் போவது யார்?

உன்னிடம் நேராகச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். நேராகப் போவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. பூக்குழி இறங்குவதில் என்னை மிஞ்ச மலாக்கா மாநிலத்தில் ஆளில்லை என்பதை நானே பல மேடைகளில் அறிவித்திருக்கிறேன். காப்புக் கட்டி, விரதம் இருந்து, நெருப்பில் இறங்கினால் சட்டம் ஒன்றுதான். நிற்காதே, பக்கத்தில் பார்க்காதே, அம்மனைப் பார்த்து நேராக நடந்து பால்குழியில் போய்க் காலை வை. இதே சட்டத்தை நான் பனிக்கும் வைத்தேன். சென்செய் அம்மா "திரும்பு, திரும்பு" என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டக் காட்ட, நான் அடிவாரத்தில் தெரிந்த தேநீர்க்கடையை அம்மனாக நினைத்துக்கொண்டு, "ஓம் சக்தி" என்று முழங்கியபடி நேராக இறங்கினேன். ஜப்பான் மக்கள் ஒழுக்கமானவர்கள். மலை முழுக்க ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு வலை மட்டும் ஒதுங்கவில்லை. மீன் வலையில் திருக்கை மாட்டுவதை நான் செர்காம் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். ஆனால் திருக்கையின் மனநிலையை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

வலையிலிருந்து என்னைப் பிரித்தெடுத்த பிறகு, சென்செய் அம்மா தன் தடியால் பனியில் ஒரு கோடு வரைந்தார். நேர்க்கோடு இல்லை, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக வளைந்து வளைந்து இறங்கும் கோடு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் மேட்டிலிருந்து குலை ஏற்றிய லாரி இறங்கும் செம்மண் சாலை அது! மழை நாளில், பின்னால் அத்தனை பாரத்தோடு, முதல் கியரைப் போட்டு, வளைவுக்கு வளைவு திருப்பித் திருப்பி எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருப்பேன்? நேராக விட்டால் லாரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நெருப்பைக் கடக்கத்தான் நேராகப் போகவேண்டும். பாரத்தோடு இறங்க வளைந்துதான் போகவேண்டும். உனக்கு நான் சொல்லவேண்டிய புத்திமதி இது ஒன்றுதான், மகளே. அதைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் போய் "பயப்படாத, ஏறு" என்றால் நீ கால்வாயில்தான் இறங்குவாய். "வா வீட்டுக்கு" என்றாலும் அதே கால்வாய்தான். ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போய் உன் ஜன்னலுக்கு எதிரே விழுந்தேன்.

மோசமாக விழுந்ததில் பாதி கலை, பாதி இயற்கை. முதலில் நீ ஜன்னலுக்குள் இருந்து தலையில் அடித்துக்கொண்டாய். சில நாளில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாய். பிறகு வாசற்படிக்கு வந்து, "ப்பா, முட்டிய மடக்குங்கப்பா! லாரி சீட்டா இது, நிமிந்து உக்காந்துக்கிட்டு!" என்று கத்தினாய். "மடக்கிட்டுத்தான் இருக்கேன்! என் முட்டி இவ்ளோதான் மடங்கும், கம்பெனி செட்டிங்!" என்று நானும் கத்தினேன். ஒரு நாள் உன் மேலாளர் வந்து உன்னிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். அடுத்த குளிருக்குக் குழந்தைகள் வகுப்பை நீ எடுப்பாயா, வேறு ஆள் பார்க்கவா, குளிர் முடிவதற்குள் சொல் என்று கேட்டதாக இரவுச் சோற்றின்போது சொன்னாய். "நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன். "வேற ஆள் பாக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றாய். இருக்கேன். அதாவது, மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் நெத்திலிச் சம்பலை இன்னொரு கரண்டி உன் தட்டில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடுவது எவ்வளவு பெரிய கட்டுமான வேலை என்பது உன் அம்மாவுக்குத் தெரியும்.

நான் கிளம்பும் நாள் நெருங்கியபோது ஒரு திட்டம் போட்டேன். கம்பியில் ஓடும் தொங்கும் நாற்காலியில் ஏறி மலைமேல் போய்விடுவது. இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டதுபோல நடிப்பது. கீழே உனக்குச் செய்தி சொல்லச் சொல்வது. என் நடிப்புத் திறமையில் எனக்கிருந்த நம்பிக்கையில் மீசைகூட விறைத்தது. மேலே போய் இறங்கி, திரும்பிப் பார்த்தேன். பாப்பா, கீழே ஹோட்டல் ஒரு தீப்பெட்டியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஜப்பான், அதற்கும் கீழே பூமி உருண்டை வளைவதே தெரிந்தது. நடிக்கப் போனவன் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். கால் இரண்டும் என்னைக் கேட்காமலேயே ராஜினாமா செய்துவிட்டன. நாற்காலிக்காரப் பையனிடம் உன் பெயரைச் சொன்னபோது என் குரல் நடுங்கியதில் கலப்படமே இல்லை.

நீ வந்தாய். உன் பழைய கட்டைகளை மாட்டிக்கொண்டு, முகம் வெளுத்து, நாற்காலியின் கம்பியை இறுகப் பிடித்தபடி வந்தாய். "என்னாப்பா இது? எதுக்கு மேல ஏறுனீங்க?" என்றாய்.

"காத்து வாங்க."

"இறங்க வேண்டியதுதானே?"

"நான் ரெடிதான். மலைதான் வேணாங்குது."

"ஒண்ணும் பிரச்சன இல்ல. கேட்டா நாற்காலியிலேயே திரும்ப இறக்கி விட்டுடுவாங்க. வாங்க" என்று என் கையைப் பிடித்தாய். "சரி பாப்பா, அதுலயே போயிடலாம்" என்று முழு மனத்தோடு சொன்னேன். அந்த இடத்தில் பேச நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வீர உரை ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. நீ நகரவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு, என்னைப் பார்க்காமல், "நான் வீட்டுக்கு வந்துட்டா உங்களுக்குச் சந்தோஷம்தானேப்பா?" என்று கேட்டாய்.

"சந்தோஷம்தான். பட்டாசு வெடிப்பேன். ஆனா மேசைக்குப் பின்னால உன் முட்டி மடங்குறத நான் பாத்துட்டேனே பாப்பா."

"பாத்துட்டீங்களா?" என்றாய், திருட்டு மாங்காயோடு பிடிபட்டவள் மாதிரி. பிறகு கைத்தடிகளைப் பனியில் ஊன்றி, மெதுவாக, மிக மெதுவாக, இடப்பக்கம் ஒரு வளைவு போனாய். நின்றாய். வலப்பக்கம் ஒரு வளைவு. உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "வாங்கப்பா!" என்று கீழேயிருந்து கத்தினாய். நான் வரவில்லை. நான் தேசியக் கொடிக்கம்பம் போல நட்டு வைத்தபடி நின்றேன். நீ பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி மறுபடி ஏறி வந்து, என் முன்னால் நின்று, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். குழந்தைகளை இறக்குவது இப்படித்தானாம். ஆசிரியர் பின்பக்கமாகவே சறுக்குவாராம். "ப்பா, எனக்குப் பின்னால தெரியாது. யாராச்சும் வந்தா நீங்கதான் சொல்லணும்" என்றாய்.

அந்த வேலைக்கு உலகத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் உண்டா? மற்ற டிரைவர்கள் லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்று, பின்னால் போ என்பதற்குக் கோஸ்தான் என்று கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை இது. "கோஸ்தான்... கோஸ்தான்... வரலாம், வரலாம்... கொஞ்சம் ரைட் ஒடி... மரம் இருக்கு, மரம்! ஆங், கோஸ்தான்!" என்று நான் முழங்க, நீ பின்னுக்கே சறுக்கிப் போனாய். என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. உனக்கு வழி சொல்லும் அவசரத்தில் அதைக் கவனிக்க மறந்துவிட்டேன். பாதி மலையில், ஒரு மஞ்சள் கம்பம் இருந்த வளைவில், நின்றாய். "இங்கதான்ப்பா" என்றாய். நீ விழுந்த இடம். நான் கம்பத்தைச் சுற்றி நன்றாகப் பார்த்தேன். "இங்க ஒண்ணுமே இல்லலா. வெறும் ஐஸ் கச்சாங்" என்றேன். நீ சிரித்தாய்; கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் குளிரில் அது உறைந்துவிடாமல் துடைத்துவிட வேண்டுமே என்று நான் கையை எடுத்தேன். எடுத்ததும் விழுந்தேன். நீயும் என் மேல் விழுந்தாய். எதுவும் முறியவில்லை. இரண்டு பேரும் எழுந்தோம். மிச்சமிருந்த மலையை நீ தனியாக வளைந்து வளைந்து இறங்கினாய். நான் பின்னால், கட்டைகளைக் கூரை போல வைத்து மெல்ல இறங்கியபடி, யாருக்கும் தேவைப்படாத "வரலாம், வரலாம்" சொல்லிக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை மேலாளரிடம் நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. நீ நேர்வழியில் வீட்டுக்கு நடந்தாய், மலை அடிவாரத்தை ஒட்டி. அதுவே போதுமாயிருந்தது. பெட்டியை மட்டும் என்ன செய்வது என்று நான் விழித்தேன். நீ கடைக்குப் போய் உன் அம்மா அளவுக்கு ஒரு பெரிய குளிர்ச்சட்டை வாங்கி வந்து, அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொடுத்தாய். விமான நிலையத்தில் என்னை மட்டும் பார்த்ததும் உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு மட்டும் போட்டாள், தட்டு மேசையில் விழுந்த சத்தம் ஜாசின் வரை கேட்டது. அந்தக் குளிரின் கடைசிப் பனியில் நீ குழந்தைகளோடு சறுக்கும் வீடியோ வந்த அன்றுதான் வாயைத் திறந்தாள். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்லுங்க அவள" என்றாள். அதன் பிறகு ஒரு மத்தியானம் நான் வெளியிலிருந்து வந்தபோது, மஞ்சள் அறையில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட குளிர்ச்சட்டையோடு, வியர்த்து வழிய, கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். "சும்மாதான், சைஸ் பாத்தேன்" என்றாள். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. வரும் மாதம் இரண்டு பேரும் வருகிறோம். விமானத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வழியை நான் பார்த்துச் சொல்வேன்.

இனிமேலும் விழுவாய், பாப்பா. உன் அப்பன் உச்சியிலிருந்து விழுந்தாலும் முதலில் வாய்தான் தரையைத் தொடும் என்பதால் எனக்குப் பெரிய அடி படாது; உனக்கு அந்த வசதி இல்லை, ஜாக்கிரதை. பயம் வந்தால் நின்றுகொள், வெட்கப்படாதே, வளைந்து போ. என்றைக்காவது வீட்டுக்கு வரத் தோன்றினால், நடுராத்திரியானாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் எதற்கும் பயந்து ஓடி வராதே. வீட்டுக்கு வர ஆசைப்பட்டு வா.

இனி உன் படம். புதுப் பனியில் உன் புதுக் கட்டைகள் இரண்டும் கிடக்கின்றன. நுனியில் திருநீறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம், நன்றாக நசுங்கி, சாறு வழிந்து. "ராத்திரி பூரா ரூம்ல ஹீட்டர் பக்கத்துல வச்சிருந்தேன்ப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். நேற்று அந்தப் படத்தை மணியத்திடம் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, விடாமல் அதே கேள்வியைக் கேட்டான். "அது சரி மாமா, பிள்ளை எங்க?"

"மலை மேல இருக்காடா" என்றேன். "அவளுக்கு இறங்கி வரத் தெரியும்."

எந்நேரமும் முட்டியை மடக்கியபடி,
உன் அப்பன்